இரண்டாண்டுச் செவிலியர்: ஒரு கல்லூரி வாயிலின் வரலாறு

அமெரிக்க நாட்டுச் சமூகக் கல்லூரி ஒன்றின் செவிலியர் படிப்பில் இடம் பெறும் மாணவிக்கு முதல் வாரத்திலேயே ஒரு கையேடு தரப்படுகிறது. கையேடு என்று பெயரேயன்றிப் பல கல்லூரிகளில் அது ஒரு சிறு நூலின் பருமனை எட்டிவிடுகிறது. எழுபத்தைந்து விழுக்காட்டையொட்டிய ஓர் எல்லைக்குக் கீழே மதிப்பெண் இறங்கினால் அப்பாடத்தில் தோல்வி; மருந்தின் அளவைக் கணக்கிடும் தேர்வில் தொண்ணூறுக்கு மேல், சில இடங்களில் முழு நூறும் பெற்றாக வேண்டும்; மருத்துவமனைக்குச் செல்லும் நாளில் காலந்தாழ்த்தி வந்தால் திருப்பி அனுப்பப்படுவார்; இருமுறை தவறினால் படிப்பிலிருந்தே விலக வேண்டும். கல்லூரிக்குக் கல்லூரி எண்கள் மாறலாம், தொனி மாறுவதில்லை. யாவருக்கும் கதவு திறந்திருக்கிறது என்பதையே பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் ஒரு கல்லூரியில், இந்த ஒரு துறைக்கு மட்டும் ஏன் இத்தனை கெடுபிடி என்று வாசகர் வினவக்கூடும். விடை, அக்கல்லூரிகள் தோன்றுவதற்கும் முன்னே தொடங்குகிறது.

1873ஆம் ஆண்டில் நியூயார்க்கின் பெல்வியூ மருத்துவமனையிலும், நியூ ஹேவனிலும், பாஸ்டனிலும் நைட்டிங்கேல் அம்மையாரின் முறையைத் தழுவிய பயிற்சிப் பள்ளிகள் திறக்கப்பட்டன. அதே ஆண்டில் லிண்டா ரிச்சர்ட்ஸ் என்னும் பெண்மணி பாஸ்டனில் வேறொரு மருத்துவமனையில் பயிற்சி முடித்து, அந்நாட்டின் முதல் பயிற்சி பெற்ற செவிலியர் எனப் பெயர் பெற்றார். அதற்கு முன்பு நோயாளர் பணி அங்கே இல்லாதிருந்தது என்று கொள்ளலாகாது. 1861 முதல் 1865 வரை நிகழ்ந்த உள்நாட்டுப் போரில் அறுநூறுக்கும் மேற்பட்ட கத்தோலிக்க அருள்சகோதரிகள் காயம்பட்ட வீரர்க்குப் பணிவிடை புரிந்தனர். அவர்கள் நினைவாக 1924இல் எழுப்பப்பட்ட சின்னம் இன்றும் வாஷிங்டன் நகரில் நிற்கிறது. ஆனால் பள்ளி, பாடத்திட்டம், சான்றிதழ் என்னும் அமைப்பு 1873க்குப் பின்னரே வந்தது.

அப்பள்ளிகளை மருத்துவமனைகள் விரும்பி ஏற்றதற்குக் காரணம் கல்வியார்வம் மட்டுமன்று. ஒரு பள்ளியை ஏற்படுத்தினால் வார்டுகளில் வேலை செய்ய மாணவியர் கிடைப்பர். அவர்க்கு உணவும் உறைவிடமும் சிறு உதவித் தொகையும் தந்தால் போதும். நாளொன்றுக்குப் பத்து, பன்னிரண்டு மணி நேரம் வார்டில் உழைத்துவிட்டு, கண்களில் உறக்கம் தேங்க மாலையில் விரிவுரைக்கு வருவர். மூன்றாண்டு முடிந்ததும் சான்றிதழைக் கையில் கொடுத்து வெளியே அனுப்பிவிட்டு, அவ்விடத்தில் புதிய மாணவியரை நிறுத்துவர். தேர்ச்சி பெற்றவருக்கு மருத்துவமனையில் வேலை அரிது; செல்வர் இல்லங்களில் தனிப்பணி தேடுவதே வழி. அருள்சகோதரிகள் நடத்திய மருத்துவமனைப் பள்ளிகளும் பொதுவில் இம்முறையிலேயே இயங்கின. அவற்றின் அர்ப்பணத்தை மெச்சும் நாம் இதனையும் மறைக்க வேண்டியதில்லை.

மாணவியர் விடுதியிலேயே தங்க வேண்டும். பொதுவாகத் திருமணமானவர்க்கு இடமில்லை. படிக்கும்போது மணம் முடித்தால் வெளியேற வேண்டும். ஆடவர்க்குக் கதவு ஏறத்தாழ அடைத்தே கிடந்தது. கறுப்பினப் பெண்களுக்கோ பெரும்பாலும் தனிப் பள்ளிகள்தாம். கணவனை இழந்து பிள்ளைகளோடு நிற்கும் முப்பத்தைந்து வயதுப் பெண் செவிலியராக விரும்பினால் அன்று அவளுக்கு வழி இருக்கவில்லை. இதை மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். பின்னர் நிகழ்ந்த மாற்றத்தின் அளவு அப்போதுதான் விளங்கும்.

1923இல் ஜோசஃபின் கோல்ட்மார்க் தொகுத்தளித்த அறிக்கை, மருத்துவமனையின் வேலைத் தேவைக்கு மாணவியின் கல்வி பலியாகிறது என்பதைச் சான்றுகளோடு எடுத்துக்காட்டியது. அறிக்கை பாராட்டப்பட்டது, நடைமுறை பெரிதும் மாறவில்லை. மாறுவதற்கு ஒரு போர் தேவைப்பட்டது. 1943இல் நிறைவேறிய போல்ட்டன் சட்டத்தின்படி அமெரிக்க அரசு செவிலிய மாணவியர் படையொன்றை அமைத்து, கல்விச் செலவை ஏற்று, முப்பத்தாறு மாதப் பயிற்சியை முப்பது மாதமாகச் சுருக்கியது. ஒரு லட்சத்து இருபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் அவ்வழியில் படிப்பை முடித்தனர். பயிற்சிக் காலத்தைக் குறைத்தாலும் செவிலியர் உருவாக முடியும் என்னும் எண்ணம் அப்போதே வேரூன்றிவிட்டது.

போர் முடிந்ததும் நெருக்கடி தணியவில்லை, முற்றியது. 1946இல் இயற்றப்பட்ட ஹில்–பர்ட்டன் சட்டம் சிற்றூர்தோறும் மருத்துவமனை கட்ட நிதி வழங்கிற்று. கட்டடங்கள் எழும்பின, செவிலியர் போதவில்லை. 1948இல் எஸ்தர் லூசில் பிரவுன் என்னும் சமூக மானிடவியலார், செவிலியர் கல்வி மருத்துவமனையை விட்டு உயர்கல்வி நிலையங்களுக்குச் செல்ல வேண்டும் என்று எழுதினார். இதற்கு ஓராண்டு முன்னர், அதிபர் ட்ரூமன் அமைத்த உயர்கல்விக் குழு நாடெங்கும் சமூகக் கல்லூரிகளைப் பெருக்குமாறு பரிந்துரைத்திருந்தது. இல்லினாய் மாநிலத்து ஜோலியட் நகரில் 1901இலேயே இத்தகைய ஈராண்டுக் கல்லூரி தோன்றியிருந்தபோதிலும், ‘சமூகக் கல்லூரி’ என்னும் பெயரைப் பரவலாக்கியது 1947ஆம் ஆண்டு அறிக்கைதான். குறைந்த கட்டணம், வீட்டிலிருந்தே சென்றுவரும் தொலைவு, உழைக்கும் மக்களுக்கேற்ற நேரம் ஆகியவையே அதன் இலக்கணம்.

இப்பெயர் நம் மறைமாவட்டங்களுக்குப் புதிதன்று. 1996இல் சென்னை–மயிலை உயர்மறைமாவட்டம் சென்னைச் சமூகக் கல்லூரியைத் தொடங்கியதும், இயேசு சபைக் குரு சேவியர் அல்போன்ஸ் அவ்வியக்கத்தைத் தமிழகத்திலும் வெளியிலும் பரப்பியதும் வாசகர் பலர் அறிந்தவையே. அமெரிக்க முன்மாதிரியைக் கண்டு எழுந்த இயக்கமாயினும் இரண்டும் ஒன்றல்ல. இங்கே அக்கல்லூரிகள் தந்தது பெரும்பாலும் ஓராண்டையொட்டிய பட்டயமும் வாழ்வுத் திறனும். மருத்துவமனை உதவியாளராகலாம், பதிவு பெற்ற செவிலியராக இயலாது. அமெரிக்கச் சமூகக் கல்லூரியில் ஈராண்டுப் படிப்பை முடித்தவரோ தேர்வெழுதி முழுப் பதிவு பெறுகிறார். பெயரொற்றுமை கண்டு மயங்கும் பெற்றோர் உண்டு என்பதால் இதைச் சொல்லி வைக்கிறோம்.

அந்த முழுப் பதிவு எப்படி வந்தது என்பதுதான் இவ்வரலாற்றின் சுவையான பகுதி. கொலம்பியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆசிரியர் கல்லூரியில் மில்ட்ரெட் மாண்டாக் என்னும் அம்மையார் ஓர் ஆய்வேட்டை எழுதினார். அது 1951இல் நூலாக வெளிவந்தது. ஐயோவா மாநிலத்தில் 1908இல் பிறந்த அவர், அதற்கு முன்பே நியூயார்க்கில் அடெல்ஃபி கல்லூரியின் செவிலியர் பள்ளியை நிறுவி நடத்திய பட்டறிவு உடையவர். செவிலியப் பணிகள் யாவும் ஒரே தரத்தன அல்ல என்பது அவர் வாதம். ஒரு முனையில் உதவியாளர் செய்யும் எளிய பணிகள். மறுமுனையில் ஆழ்ந்த படிப்பும் தனித்த தீர்ப்பும் வேண்டும் பணிகள். இடையே, திறமையும் ஓரளவு தீர்ப்பும் வேண்டும் பணிகள் ஏராளம். இந்த நடுப்பகுதிக்கு உரியவரைச் ‘செவிலியத் தொழில்நுட்பர்’ என அழைத்து, ஈராண்டில் சமூகக் கல்லூரியில் பயிற்றலாம் என்றார். அவர்கள் பட்டம் பெற்ற செவிலியரின் மேற்பார்வையில் பணிபுரிவர். இப்படிப்பு மேற்பட்டத்திற்கான படியன்று, தன்னில் முற்றுப்பெற்றது என்பதும் அவர் கருத்து.

1952இல் ஐந்தாண்டுச் சோதனை தொடங்கியது. கலிபோர்னியாவின் பசடேனா, யூட்டாவின் ஆக்டன், நியூயார்க் மாநிலத்தின் மிடில்டவுன் ஆகிய ஊர்களின் கல்லூரிகள் உட்பட ஏழு கல்லூரிகளும், ஒரு மருத்துவமனைப் பள்ளியும் அதில் பங்கேற்றன. மாணவி மருத்துவமனையின் ஊழியர் அல்லர் என்பதே அச்சோதனையின் உயிர்நாடி. வார்டுக்குச் செல்வது கற்பதற்காக. எந்த நோயாளியிடம் என்ன கற்க வேண்டும் என்பதை முடிவு செய்பவர் கல்லூரி ஆசிரியர். ஆங்கிலம், உளவியல், உயிரியல் போன்ற பொதுப் பாடங்களை ஏனைய துறை மாணவரோடு ஒரே வகுப்பில் அமர்ந்து கற்பர். நோய்வாரியாகத் துண்டு துண்டாகக் கிடந்த பாடங்கள் பெரும் பிரிவுகளாகத் தொகுக்கப்பட்டன. பழைய பள்ளியில் ஒரே வேலையை நூறு முறை செய்து கையில் ஏறிய திறமையை, இங்கே தெரிந்தெடுத்த சில முறைகளில் ஆசிரியர் கண்முன் பெற வேண்டும். நாம் தொடக்கத்தில் கண்ட கெடுபிடியின் ஒரு வேர் இதுவே: நேரம் குறைவு, ஆகவே ஒவ்வொரு மணியும் எண்ணப்படுகிறது.

வந்து சேர்ந்தவர் யார் என்பதே பெரிய வியப்பு. திருமணமானவர்கள், தாய்மார்கள், முப்பதைக் கடந்தவர்கள், ஆடவர்கள் என மருத்துவமனைப் பள்ளிகள் நுழையவிடாதவர்கள் வந்தனர். சோதனையில் பயின்றோர், மூன்றாண்டுப் பள்ளி மாணவியர் எழுதிய அதே மாநிலப் பதிவுத் தேர்வை எழுதினர்; மிகப் பெரும்பாலோர் தேறினர். அதே தேர்வு, அதே பதிவு எனின் அதே பணிதானே! வார்டில் ஆள் பற்றாக்குறையால் தவித்த மேற்பார்வையாளர், பதிவு பெற்ற ஒருவரைத் ‘தொழில்நுட்பர்’ என்று பிரித்து நிறுத்தி வைக்கவா போகிறார்? அப்பெயர் ஏடுகளோடு நின்றுவிட்டது. கெலாக் அறக்கட்டளையின் பொருளுதவியாலும், 1964ஆம் ஆண்டுச் செவிலியர் பயிற்சிச் சட்டத்தாலும் இத்தகைய படிப்புகள் பெருகி, 1970களின் நடுவில் அறுநூறு அளவை எட்டின. மருத்துவமனைப் பள்ளிகளோ ஒவ்வொன்றாக மூடப்பட்டு வந்தன.

இன்று அப்படிப்பில் சேர விரும்புவோர் முதலில் ஓர் உண்மையை ஏற்க வேண்டும். ‘ஈராண்டு’ என்பது பெயரளவே. உடற்கூறியலும் உடலியங்கியலும் இரண்டு பருவங்கள், நுண்ணுயிரியல், பல இடங்களில் வேதியியல், ஆங்கிலக் கட்டுரை, உளவியல், புள்ளியியல் என முன்தேவைப் பாடங்களை முடித்த பிறகே விண்ணப்பிக்க இயலும். வேலை பார்த்துக்கொண்டே பயில்வோர்க்கு இதற்கே ஓரிரு ஆண்டுகள் கழியும்; ஆகத் தொடக்கத்திலிருந்து எண்ணினால் மூன்று, நான்கு ஆண்டுகள். முன்தேவைப் பாடங்களில் பெறும் மதிப்பெண்தான் இடத்தை முடிவு செய்கிறது என்பதால், நுண்ணுயிரியலில் ஏதோ தேறினோம் என்று அமைதி கொள்பவர் பின்னர் வருந்த நேரும்.

இடம் கிடைப்பதும் எளிதன்று. சில கல்லூரிகள் மதிப்பெண்ணையும் நுழைவுத் தேர்வையும் கூட்டித் தரவரிசையிடுகின்றன. சில காத்திருப்போர் பட்டியல் வைத்திருக்கின்றன. கலிபோர்னியாவில் சில கல்லூரிகள் தகுதியுள்ளோரிடையே சீட்டுக் குலுக்கலும் நடத்தியுள்ளன. நாட்டில் செவிலியர் தட்டுப்பாடு என்ற குரல் ஒருபுறம், தகுதியுள்ளோர் வாயிலில் காத்து நிற்பது மறுபுறம். இதன் காரணம் எளியது. மருத்துவமனை வார்டில் ஓர் ஆசிரியர் ஏறத்தாழப் பத்து மாணவருக்கு மேல் கண்காணிக்க இயலாது; மாநில வாரியங்களும் அனுமதிப்பதில்லை. ஆசிரியராக முதுகலைப் பட்டம் வேண்டும். ஆனால் அப்பட்டம் உடையவருக்கு மருத்துவமனை தரும் ஊதியத்தைக் கல்லூரியால் தர முடிவதில்லை. ஏழைக் கல்லூரியின் ஏழ்மை மாணவியின் காத்திருப்பாக மாறிவிடுகிறது.

இடம் கிடைத்தபின் தடுப்பூசிச் சான்றுகள், குற்றப் பின்னணிச் சோதனை, போதைப்பொருள் சோதனை, உயிர்காப்புப் பயிற்சிச் சான்று, சீருடை, நாடி பார்க்க வினாடி முள் உள்ள கைக்கடிகாரம், ஸ்டெதாஸ்கோப் எனக் கட்டணத்தில் சேராத செலவுகள் வரிசையாக வரும். முதற்பருவத்தில் கை கழுவுவதும், படுக்கையில் கிடப்பவரைத் திருப்பிக் கிடத்துவதும், இரத்த அழுத்தம் பார்ப்பதும் கற்பிக்கப்படும். இவையா கல்லூரிப் படிப்பு என்று நகைப்பவர், கிருமி நீக்கிய கையுறையை எதிலும் படாமல் அணிந்து காட்டும் தேர்வில் மூன்றாம் முறையும் தவறும்போது மௌனமாவர். ஆய்வுக்கூடத்தில் மூச்சுவிடும், இருமும், பேசும் பொம்மை நோயாளிகள் உண்டு. சில வாரங்களில் உண்மை வார்டு. காலை ஆறரைக்குள் அங்கிருக்க வேண்டும்.

அம்மாணவியரின் உறக்கத்தைப் பறிப்பது பராமரிப்புத் திட்டம் எனப்படும் எழுத்து வேலை. நோயாளியின் நிலை, இரத்தச் சோதனை முடிவுகள், தரப்படும் ஒவ்வொரு மருந்தும் ஏன், எவ்வளவு, என்ன தீங்கு செய்யக்கூடும் என்பவற்றையெல்லாம் எழுதி, மருத்துவரின் நோய்க் குறிப்பிலிருந்து வேறான ‘செவிலிய அறுதியீடு’ ஒன்றையும் எழுத வேண்டும். இருதய நோய் என எழுதுவது மருத்துவர் வேலை. இவர் நான்கடி நடந்தால் மூச்சு வாங்குகிறது, ஆகவே குளிப்பாட்டும் பணியை இரண்டாகப் பிரிக்க வேண்டும் என எழுதுவது செவிலியர் வேலை. இந்த அறுதியீடுகளை வகைப்படுத்தும் முதல் மாநாடு 1973இல் செயின்ட் லூயி நகரில் கூடியது. அதைக் கூட்டியவர்கள் அங்குள்ள இயேசு சபைப் பல்கலைக்கழகத்தின் செவிலிய ஆசிரியைகள் இருவர். இரவு இரண்டு மணிக்கு விளக்கின் கீழ் அமர்ந்திருக்கும் மாணவி அவர்களை நன்றியோடு நினைக்கிறாளா என்பதை நாம் சொல்லத் துணியோம்.

வகுப்புத் தேர்வுகளும் புதுமையானவை. தரப்பட்ட நான்கு விடைகளும் சரியாகவே இருக்கும். எதை முதலில் செய்ய வேண்டும் என்பதுதான் வினா. பள்ளியில் முதலிடம் பெற்றவர்களும் முதல் தேர்வில் சறுக்குவது இதனால்தான். மனப்பாடம் இங்கே உதவுவது பாதி வழிதான். மூச்சு அடைபட்டவரை விட்டுவிட்டு, வலியென்று உரக்க அழுபவரிடம் ஓடக்கூடாது என்பதை வினாத்தாள் மீண்டும் மீண்டும் புகட்டுகிறது. தனியே படித்துக் கரையேறியவர் குறைவு. ஒன்றாக நுழைந்த குழு நான்கு பருவங்களும் ஒன்றாகவே நகர்வதால், ஒருவர் குழந்தைக்குக் காய்ச்சல் கண்டால் மற்றவர் குறிப்பெடுத்துத் தருவது அங்கே வழக்கமாகிவிடுகிறது.

இத்தனையும் கடந்து வருபவர் முழுச் செவிலியர்தாமா என்ற வழக்கு இன்னும் முடியவில்லை. 1965இல் அமெரிக்கச் செவிலியர் சங்கம் வெளியிட்ட கொள்கை ஏடு, தொழில்முறைச் செவிலியருக்கு நான்காண்டுப் பட்டமே குறைந்த அளவு தகுதி, ஈராண்டினர் தொழில்நுட்பச் செவிலியர் என்று வரையறுத்தது. மாண்டாக் அம்மையார் வரைந்த கோட்டையே அது மீண்டும் வரைய முயன்றது. ஆனால் காலம் கடந்துவிட்டது. ஆயிரக்கணக்கானோர் ஏற்கெனவே வார்டுகளில் சம நிலையில் நின்றனர். 1987 முதல் வடக்கு டகோட்டா மாநிலம் ஒன்றே பட்டத்தைக் கட்டாயமாக்கியது. 2003இல் அம்மாநிலச் சட்டமன்றமே அதைத் தளர்த்திற்று. நம் நாட்டிலும் 1946இல் தில்லியிலும் வேலூரிலும் செவிலியர் பட்டப்படிப்பு தொடங்கிய நாள் முதல், பட்டயத்தாரும் பட்டத்தாரும் ஒரே வார்டில் ஒரே பணியாற்றி வருவதால் இவ்வழக்கின் சாயல் நமக்கும் புதிதன்று.

பட்டம் வேண்டும் என்போர் தரப்பிலும் வலுவுண்டு. 2003இல் லிண்டா எய்க்கன் என்பாரும் அவர் குழுவினரும் வெளியிட்ட ஆய்வு, பட்டம் பெற்ற செவிலியரின் பங்கு பத்து விழுக்காடு கூடும் மருத்துவமனைகளில் அறுவை நோயாளர் இறக்கும் வாய்ப்பு ஐந்து விழுக்காடு குறைந்திருப்பதைக் காட்டியது. பட்டத்தாரை மிகுதியாக வைத்துக்கொள்ள இயன்ற மருத்துவமனை வேறு வசதிகளும் உடையதாயிருக்கலாம் என்ற மறுப்பும் எழாமலில்லை. 2010இல் வெளியான மருத்துவக் கழகத்தின் அறிக்கை, 2020க்குள் எண்பது விழுக்காட்டினர் பட்டத்தாராக வேண்டும் என்றது. அவ்விலக்கு அந்த ஆண்டுக்குள் எட்டப்படவில்லை. எனினும் பெருநகர மருத்துவமனைகள் பல, புதியவரைச் சேர்க்கும்போது பட்டத்தாரையே முதலில் நாடத் தொடங்கின. ஈராண்டு முடித்தவர் முதல் வேலைக்கு முதியோர் இல்லத்தையோ சிற்றூர் மருத்துவமனையையோ நாட வேண்டி வரலாம் என்பதை நுழையும்போதே அறிந்திருப்பது நலம்.

எங்கள் கருத்தைக் கேட்டால், நோயாளியின் உயிர் குறித்த கவலையையும், வாயிலில் நிற்கும் எளிய பெண்ணின் உரிமையையும் ஒன்றுக்கொன்று பகையாக நிறுத்துவது தவறு. கதவை அடைப்பதற்கு மாறாக, உள்ளே வந்தவருக்குப் படிக்கட்டு அமைப்பதே முறை. நியூயார்க் மாநிலம் அவ்வழியைத் தேர்ந்தது. 2017 டிசம்பரில் கையெழுத்தான சட்டத்தின்படி ஈராண்டுப் படிப்போடு பதிவு பெறலாம். ஆனால் பத்தாண்டுகளுக்குள் பட்டத்தை முடித்தாக வேண்டும். வேலை பார்த்துக்கொண்டே பட்டம் முடிக்கும் படிப்புகள் இன்று ஏராளம். அதற்கான கட்டணத்தை மருத்துவமனையே தருவதும் உண்டு. ஈராண்டுப் படிப்பு முற்றுப்பெற்றது என்ற மாண்டாக்கின் கருத்து இங்ஙனம் தலைகீழானது. 2004இல் அவர் மறையும் முன்பே அது முதற்படியாக மாறிவிட்டிருந்தது.

படிப்பு முடியும் நாளில் கல்லூரியில் சின்னம் சூட்டும் விழா நிகழும். பல இடங்களில் பிள்ளைகளோ தாயாரோ மேடையேறி அச்சின்னத்தைச் சீருடையில் குத்திவிடுகின்றனர். அதன் பின்னும் தேர்வு ஒன்று மீதமிருக்கிறது. 1944 முதல் மாநிலங்கள் பொதுவாகப் பயன்படுத்திய தாள் தேர்வு 1982இல் ‘என்க்ளெக்ஸ்’ எனப் பெயர் மாறி, 1994இல் கணிப்பொறிக்கு வந்தது. 2023 ஏப்ரலில் மீண்டும் திருத்தப்பட்டது. நோயாளியின் நிலை மணிக்கு மணி மாறும் கதை வடிவ வினாக்கள் சேர்ந்தன. சரியாக விடையளித்தால் அடுத்த வினா கடினமாகும்; தவறினால் எளிதாகும். தேர்வர் தகுதியுடையவரா அல்லரா எனக் கணிப்பொறிக்கு ஐயமறத் தெரிந்ததும் திரை அணைந்துவிடும். குறைந்தது 85 வினாக்கள், மிகுந்தால் 150, நேரம் ஐந்து மணி. எண்பத்தைந்தில் திரை அணைந்தால் அது தேர்ச்சியாகவும் இருக்கலாம், தோல்வியாகவும் இருக்கலாம். முடிவு வரும் வரையில் அவர்கள் அதைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பார்கள்.